அறுகம்பேயில ஸ்பானிஷ் மெனு அடிக்கக் குடுக்கிற ஆக்கள் கவனம்

அறுகம்பே, பொத்துவில் பக்கம் கெஸ்ட் ஹவுஸ், சாப்பாட்டுக் கடை நடத்துற ஆக்கள் தயவுசெய்து இதைக் கடைசி வரைக்கும் வாசிங்க. சீசன் தொடங்க முதல், மெனுவும் போர்டும் ஸ்பானிஷில அடிச்சுத் தாறம் எண்டு வந்தவங்கள் எங்கட அக்காட கடைக்குச் செஞ்ச வேலை இது.

“பாஷை படிச்ச ஆள்தான் எழுதுவார், கம்பியூட்டரில போட்டு எடுக்கிற வேலை எங்களிட்ட இல்ல” எண்டு சொல்லி 18,000 ரூபா வாங்கினாங்க. லேமினேட் பண்ணின மெனு, வாசல் போர்ட், ரூமுக்குள்ள ஒட்டுற தாள் எல்லாம் பார்க்க நல்ல வடிவு. எங்களில ஒருத்தருக்கும் ஸ்பானிஷ் தெரியாது எண்ட துணிவிலதான் இப்படிச் செஞ்சிருக்காங்க.

ஸ்பெயினில இருந்து வந்த ஒரு குடும்பத்தாலதான் பிடிபட்டது. அவங்கட மகளுக்குக் கஜு பட்டாலே மூச்சு முட்டுமாம். தாய் மெனுவின்ட அடி வரியில விரலை வச்சு, இது என்ன எண்டு கேட்டா. இங்கிலீஷில அக்கா எழுதிக் குடுத்தது ‘கொன்டெய்ன்ஸ் நட்ஸ்’. அடிச்சிருந்தது ‘துவெர்காஸ்’. அது போல்ட்டில பூட்டுற இரும்பு நட். அக்கா குசினிக்குள்ள ஓடிப்போய்க் கஜுப் போத்தலையே கொண்டுவந்து காட்டினா. பிள்ளை கேக்க இருந்தது கஜுக் கறி.

அந்தத் தாய் கேக்காம விட்டிருந்தா? நினைக்க இப்பவும் நெஞ்சு பதறுது. ஐரோப்பிய ஒன்றியத்தில 1169/2011 எண்ட ஒழுங்குவிதிப்படி கடைக்காரர் 14 வகை ஒவ்வாமைப் பொருள் பற்றிச் சொல்லியே ஆகணும். அதில பழகின சனம் இங்கயும் அந்த வரியை நம்பித்தான் சாப்பிடும்.

அவவே இருந்து மிச்சத்தையும் வாசிச்சுச் சொன்னா. ஃபேன் ரூமுக்கு ‘வெந்திலதோர்’ வரணும். போட்டிருந்தது ‘அஃபிசியொனாதோ’, விளையாட்டு ரசிகர். சர்ஃப் போர்ட் வாடகைக்கு எண்ட இடத்தில ‘தப்லா’ இல்ல, கம்பனி நிர்வாக சபையைச் சொல்ற ‘ஹுந்தா’. மூண்டு நேரச் சாப்பாட்டோட ரூம் தாற ஃபுல் போர்டை அவங்க ‘பென்சியோன் கொம்ப்ளேத்தா’ எண்டுதான் சொல்லுவாங்களாம். அங்கயும் அதே ஹுந்தா. உறைப்புக் கறிக்கு ‘பிகாந்தே’ போடாம, சூடு எண்டு கருத்து வாற ‘கலியெந்தே’.

மெனுவில சொல்லு தனியா நிக்கும். பாஷை தெரிஞ்சவர் எண்டா எந்த நட், எந்த போர்ட் எண்டு ஒரு தரமாவது கேட்டிருப்பார். இவங்க ஒரு கேள்வியும் கேக்கல்ல. காசைத் திருப்பிக் கேட்டதுக்கு, “டிக்ஷனரியில அந்தச் சொல்லும் இருக்குத்தானே” எண்டுட்டு போனை வச்சுட்டாங்க.

கஜுவுக்கு ஸ்பெயினில ‘அனகார்தோ’. ‘நுவேஸ்’ எண்டு போட்டாலும் காணாது, அங்க அதை வால்நட் எண்டுதான் எடுப்பாங்க. கச்சான் ஸ்பெயினில ‘ககவெத்தே’, ஆர்ஜென்டினா பக்கம் ‘மனீ’. ரெண்டையும் போடுங்க, பக்கத்தில படமும் போடுங்க.

ஏற்கெனவே அடிச்சு வச்சிருக்கிற ஆக்களுக்கு முக்கியமா ஒண்டு. ஸ்பானிஷைத் திரும்ப இங்கிலீஷுக்கு மாத்திப் பார்த்துத் திருப்திப்படாதீங்க. அந்த இரும்புச் சாமானும் ‘நட்’ எண்டுதான் திரும்பி வரும், பிழை தெரியாது. கூகுளில அந்தச் சொல்லுக்குப் படம் தேடிப் பாருங்க. இரும்பு நட் வந்தா இண்டைக்கே மெனுவை மேசையில இருந்து எடுத்துட்டு, எந்தக் கறியில கஜு, எதில கச்சான் எண்டு வாற ஆக்களுக்கு வாயால சொல்லுங்க.