பழைய கேம்ப் காணியில் மண் சுத்தம் செய்யும் சேவை: பரிசோதனைக்குக் கூப்பிடலாம், திரவக் கேனை வாங்க வேண்டாம்

பண்டாரவளை, வெலிமடைப் பக்கம் மண்ணைப் பரிசோதித்து நஞ்சை எடுத்துத் தருகிறோம் என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கும் தனியார் கம்பெனியைப் பற்றித்தான் எழுதுகிறேன், பெயர் வேண்டாம். மச்சான் குத்தகைக்கு எடுத்த காணி முன்பு ஆமி கேம்ப். கட்டடங்களை இடித்துவிட்டார்கள், அஸ்திவாரம் மட்டும் மிச்சம். கரட்டும் லீக்ஸும் போடக் கொத்தும்போது பழைய ஸ்டோர் இருந்த இடத்தில் வெள்ளை வெள்ளையாகக் கட்டிகள் வந்தன, வாடையும் சரியில்லை, அதனால் கூப்பிட்டோம்.

மாதிரி எடுக்க வந்த பையன்கள் வேலை தெரிந்தவர்கள். காணி முழுக்க ஒரு பிடி ஒரு பிடியாக அள்ளி ஒன்றாகக் கலக்கியிருந்தால் நஞ்சு இருக்கிற இடமும் இல்லாத இடமும் கலந்து எல்லாமே சுமாராகத் தெரிந்திருக்கும். இவர்கள் அஸ்திவார ஓரம் தனி, ஸ்டோர்த் தரை தனி, மேல் பாத்தி தனி என்று பிரித்து, மேல்மண்ணையும் அடிமண்ணையும் வேறு வேறு கண்ணாடிப் போத்தலில் போட்டார்கள். அந்தக் காலத்தில் கறையான் வராமல் அஸ்திவாரத்தைச் சுற்றி டீல்ட்ரின், குளோர்டேன் என்ற பூச்சிநாசினிகளை ஊற்றுவார்களாம், அதனால்தான் அந்த ஓரத்தை விடவில்லை. ரிப்போர்ட்டும் அப்படியே வந்தது: சுவர் ஓரத்தில் டீல்ட்ரின், ஸ்டோரில் டிடிடி என்ற பழைய பூச்சிநாசினியும் அது சிதைந்து வரும் டிடிஈயும், மற்ற இடத்தில் சொல்லும்படி ஒன்றுமில்லை. நம் நாட்டில் மலேரியாவுக்கு டிடிடி அடிக்கத் தொடங்கியது 1940களில், 70களில் மலத்தியன் என்ற வேறு பூச்சிநாசினிக்கு மாறிவிட்டார்கள், ஆனாலும் டிடிடி மண்ணில் பாதியாகக் குறையவே 2 முதல் 15 வருடம் ஆகும் என்கிறார்கள், நம்ம குளிருக்கு இன்னும் மெதுவாகத்தான் போகும். போகும்போது ஒரு பையன், "அக்கா, என்ன போட்டாலும் பூசணி, சுக்கினி மட்டும் அந்தப் பக்கம் வேணாம்" என்றான். விசாரித்தால் உண்மைதான், அந்தக் குடும்பத்துச் செடிகள் டிடிஈயை வேரால் இழுத்துக் காய்வரை ஏற்றிவிடும். கரட்டில் தோலோடு தங்கும். இதற்கே காசு கொடுக்கலாம்.

அப்புறம்தான் ஆபீஸ் ஐயா வந்தார். அவருடைய ரிப்போர்ட்டே ஒரு ஓரம்தான் கெட்டிருக்கிறது என்று சொல்ல, அவரோ காணி முழுக்க 'நுண்ணுயிர்த் திரவம்' தெளிக்க வேண்டும், ஆறு மாதத்தில் மண் புதுசாகிவிடும் என்று கேன் கேனாக விலை சொன்னார். ஃபோனில் வியட்நாமின் டா நாங் விமானத் தளத்து வீடியோவையும் காட்டினார். அங்கே நடந்தது வேறு கதை. அமெரிக்க இராணுவம் வைத்திருந்த களைநாசினியிலிருந்து வந்த டயொக்சின் என்ற நஞ்சு அது, மண்ணை மூடிய பெரிய மேடையில் குவித்து 335 பாகை செல்சியஸ் வரை சூடேற்றி, 2012இல் தொடங்கிய வேலை 2018இல்தான் முடிந்தது, கிட்டத்தட்ட 90,000 கன மீட்டர் மண். அந்த வீடியோவைக் காட்டிவிட்டு கேன் விற்பதற்கும் ஒரு துணிச்சல் வேண்டும். டீல்ட்ரினை அப்படி ஆறு மாதத்தில் தின்று தீர்க்கும் கிருமியை அவரால் காட்ட முடியவில்லை. எந்த லேப் நிரூபித்தது என்று கேட்டதற்கு, "நம்புங்க அக்கா" என்றார்.

கெட்ட மண்ணை மட்டும் தோண்டி எடுங்கள் என்றோம். தோண்டினார்கள், ஆனால் குவியலின் மேல் கிழிந்த தறப்பாளைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள், ஐப்பசி மழைக் காலத்தில்! இந்த நஞ்சு தண்ணீரில் பெரிதாகக் கரையாது, மண்ணைப் பிடித்துக்கொண்டு மண்ணோடுதான் போகும். சரிவில் மண் கரைந்தால் கீழே லயத்து ஆட்கள் தண்ணீர் பிடிக்கும் பீலிக்குத்தான் வரும். மச்சானும் நானும் ராத்திரியே புதுத் தறப்பாள் வாங்கிக் கட்டி, சுற்றி மண்மூட்டை அடுக்கினோம். மறுநாள் கேட்டால் "மழை வரும்னு நினைக்கல" என்றார்கள். மலைநாட்டில்!

மண் எங்கே போகிறது என்பதையும் கேட்டுக் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது. இப்படிப்பட்ட கழிவை ஏற்றவும் அழிக்கவும் மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும். பத்திரப் பிரதியைக் காட்டாமல் லொறியில் ஏற்ற விடமாட்டேன் என்று மச்சான் கேட்டில் நின்ற பிறகுதான் வேறொரு உரிமம் பெற்ற ஆட்களை வரவழைத்தார்கள்.

பரிசோதனைக்கு 5க்கு 4, ஒன்றைக் குறைத்தது ரிப்போர்ட்டில் ஒரு வரிகூடத் தமிழ் இல்லாததால். சுத்தம் செய்வதற்கு 2. கூப்பிடுகிறவர்கள் பரிசோதனைக்கு மட்டும் என்று முதலிலேயே சொல்லித் தனி பில் வாங்குங்கள், இல்லையென்றால் திரவத்தின் விலையையும் சேர்த்து ஒரே தொகையாகப் போட்டுவிடுவார்கள்.