மாபிள் தாள் செய்யும் பொருட்களுக்காக 18,750 ரூபா இழந்தேன்: முழுக் காசையும் முன்கூட்டிக் கட்டாதீர்கள்

நேற்று மாலை ஐந்தே முக்காலுக்கு அந்த விற்பனைப் பக்கம் என்னைத் தடைசெய்துவிட்டது. கோபம் ஆறுவதற்கு முன்பே இதை எழுதுகிறேன், ஆறிய பின் எழுதினால் பலவற்றை மழுப்பிவிடுவேன் என்று எனக்குத் தெரியும். முறைப்பாடு செய்யவிருப்பதால் பெயரை எழுதவில்லை. கைவினைப் பொருட்களைக் கொழும்பிலிருந்து கூரியரில் அனுப்பும் இணையவழிக் கடை என்று மட்டும் சொல்கிறேன். இப்படியான இடங்களில் வாங்குவோர் கவனிக்க வேண்டியவற்றையும் கடைசியில் எழுதுகிறேன்.

எனக்கு உயர்தர வகுப்பில் வரலாறு கற்பித்த ரீச்சர் இந்த மாதத்துடன் ஓய்வு பெறுகிறார். அவர் ஒருநாள் தம் அப்பப்பாவின் சுருட்டுக் கடைப் பேரேட்டை வகுப்புக்குக் கொண்டுவந்து, அதன் மூன்று விளிம்புகளிலும் நீரில் எண்ணெய் பரந்ததுபோல் ஓடிய மாபிள் என்னும் நிறக் கோலத்தைக் காட்டினார். யாராவது ஒரு தாளைக் கிழித்தெடுத்தால் அந்தக் கோலம் அவ்விடத்தில் அறுந்துபோகும், கணக்கில் கள்ளம் செய்தது வெளியே தெரிந்துவிடும் என்றார். 1775இல் அமெரிக்கக் குடியேற்றங்கள் அச்சிட்ட இருபது டொலர்த் தாளின் ஓரத்திலும், கள்ள நோட்டைத் தடுக்க பெஞ்சமின் பிராங்கிளின் இதே மாபிள் தாளைச் சேர்ப்பித்தார் என்பதையும் அன்றுதான் கேட்டோம். இன்றும் எல்லோருக்கும் கையாலேயே கடிதம் எழுதும் அவருக்கு, நானே செய்த மாபிள் தாளில் நாற்பது கடிதத் தாள்களும் இருபது உறைகளும் இரண்டு குறிப்பேடுகளும் கொடுக்க வேண்டும் என்று ஆறு மாதங்களாக நினைத்திருந்தேன். தனியார் வகுப்பில் படிப்பித்துச் சேர்த்த 18,750 ரூபாவை அதற்கென்றே ஒதுக்கி வைத்தேன்.

மாபிளிங் என்னும் இந்த வேலை பார்வைக்கு விளையாட்டுப் போலிருக்கும், ஆனால் பொருள் பிழைத்தால் எதுவுமே வராது. கடற்பாசியிலிருந்து எடுக்கும் கரஜீனன் மாவைத் தண்ணீரில் கரைத்து, குமிழிகள் அடங்க ஓர் இரவு வைத்து, அந்தக் கொழகொழப்பான நீரின் மேல் நிறங்களைத் துளித்துளியாக மிதக்கவிட்டு, ஊசியாலும் சீப்பாலும் இழுத்துக் கோலமாக்கி, படிகாரக் கரைசல் பூசிக் காயவைத்த தாளை அதன்மேல் படுக்க வைத்து எடுக்க வேண்டும். கரஜீனனில் உறையாத லம்டா வகையே இதற்கு ஏற்றது. கிளிநொச்சி மாவட்டத்து வலைப்பாட்டுக் கரையில் வளர்க்கும் பாசியிலிருந்து வருவது கப்பா வகை, அது ஆறியதும் உறைந்துபோகும். இவ்வளவையும் படித்து வைத்திருந்தேன் என்பதால்தான் ஏமாந்தது இன்னும் வலிக்கிறது.

காசு கட்டுவதற்கு முன், தருவது உறையாத வகைதானா என்று அந்தக் கடையிடம் நேரடியாகக் கேட்டேன். பதில் ஒரு பெண்ணின் குரற்பதிவாக வந்தது: “தங்கச்சி, நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ. இது மாபிளிங்குக்கெண்டே எடுப்பிக்கிற சாமான். நானும் பருத்தித்துறைப் பிள்ளைதான், எங்கட ஆக்களுக்குக் கூடாத சாமான் குடுப்பனே?” அந்தக் குரலில் இருந்த ஊர்ப்பேச்சைக் கேட்டவுடன் என் சந்தேகம் முழுவதும் கரைந்துபோனது. பற்றுச்சீட்டு வேண்டும் என்று கேட்க வாய் வரவில்லை, அரைவாசிக் காசை இப்போதும் மீதியைப் பொருள் வந்த பின்னும் தருகிறேன் என்று சொல்லவும் கூச்சமாக இருந்தது. அன்று மதியமே வங்கிக்குப் போய் 18,750 ரூபாவையும் ஒரேயடியாக வைப்பிலிட்டேன். “காசு வந்திட்டுது தங்கச்சி” என்பதுதான் அந்த அக்கா எனக்கு அனுப்பிய கடைசிச் சொல்.

நான்கு நாளில் வரும் என்ற பொதி பதின்மூன்றாம் நாள் வந்தது. எட்டு நிறங்களுக்குப் பதில் ஐந்து இருந்தன. நிறங்களைப் பரவச் செய்யும் மாட்டுப் பித்தம் என்று ஒட்டியிருந்த போத்தலில் எலுமிச்சை மணத்துடன் பாத்திரம் கழுவும் திரவம் இருந்தது. மாவைக் கரைத்து வைத்த தட்டில் மறுநாள் காலை கத்தியால் கீறினால் கீறல் அப்படியே நின்றது, அது உறைந்துபோயிருந்தது. பின்னர் அதை அடித்து நீராக்கி எப்படியோ ஒரு கோலத்தை எடுத்தேன், ஆனால் தாளைக் கழுவியபோது நிறம் முழுவதும் தண்ணீரோடு போய்விட்டது. அந்தத் தாளில் ஒரு சொட்டு வினாகிரி விட்டுப் பார்த்தேன், சிறு சிறு குமிழிகள் எழுந்தன. சுண்ணாம்பு கலந்த தாள் படிகாரத்தை முறித்துவிடும், நிறம் பிடிக்காது. மாபிளிங்குக்கென்றே செய்த தாள் என்று சொல்லித் தந்தது இதைத்தான்.

முறையிட்டபோது முதலில் வந்த பதில், யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் சவர், அதனால்தான் பிழைத்தது என்பது. எங்கள் சுண்ணக்கல் நிலத்துத் தண்ணீர் இதற்கு உதவாது என்று தெரிந்தே, காய்ச்சி வடித்த பற்றரித் தண்ணீரை வாங்கிப் பயன்படுத்தியிருந்தேன், அதன் படத்தையும் அனுப்பினேன். இரண்டு நாள் மௌனத்தின் பின், கூரியர்காரர் பொதியை மாற்றியிருப்பார் என்றார்கள். அடுத்து ஓர் ஆணின் குரல், திறந்த பொதியைத் திருப்பி எடுப்பதில்லை, பருத்தித்துறை அக்கா என்று இங்கே ஒருவரும் இல்லை என்றது. திறக்காமல் உள்ளே என்ன இருக்கிறதென்று எப்படி அறிவது என்று கேட்டேன். “மிஸ், எங்களுக்கு வேறை வேலை இருக்கு” என்றார். 18,750 ரூபாவில் பாதியையாவது தாருங்கள் என்று நேற்று எழுதிய பிறகுதான் தடைசெய்தார்கள். வங்கியிலும் விசாரித்தேன். நானே விரும்பி வைப்பிலிட்ட காசு என்பதால் மீட்டுத்தர வழியில்லை என்று அங்கே பொறுமையாகவே சொன்னார்கள்.

கவனிக்க வேண்டியவற்றை விரிவாக எழுத நினைத்திருந்தேன், இப்போது கை ஓடவில்லை. முழுக் காசையும் முன்கூட்டிக் கட்ட வேண்டாம், பொருள் கைக்கு வந்த பின் காசு கொடுக்கும் முறை இல்லாத இடத்தில் வாங்கவே வேண்டாம். பற்றுச்சீட்டையும் கடையின் முகவரியையும் முதலில் கேளுங்கள். பொதியைத் திறக்கும்போது கைத்தொலைபேசியில் பதிவு செய்யுங்கள், நான் செய்யவில்லை. ஊர்ப்பேச்சைக் கேட்டு இளகிவிடாதீர்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் 1977, நாளை காலை முதல் வேலையாக அழைக்கிறேன்.

வைப்புச் சீட்டும் இரண்டு குரற்பதிவுகளும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. பருத்தித்துறை அக்கா என்ற குரலுக்குக் காசு கட்டிய வேறு யாராவது இருந்தால் உடனே எனக்கு எழுதுங்கள், உங்கள் தொகையையும் என் 18,750 ரூபாவுடன் ஒரே முறைப்பாட்டில் சேர்க்கலாமா என்று கேட்கிறேன். ரீச்சரின் பிரியாவிடை வெள்ளிக்கிழமை.