பழைய கார்புரேட்டர் வண்டி வைத்திருக்கும் நீலகிரிக்காரர்களே, 18,500 ரூபாய் போன கதையைப் படியுங்கள்

கோபம் இன்னும் அடங்கவில்லை, எழுத்து கொஞ்சம் தாறுமாறாகத்தான் வரும். கோவையில் பழைய கார்களுக்கென்றே போர்டு மாட்டியிருக்கும் ஒரு வொர்க்‌ஷாப்பில் 18,500 ரூபாயைக் கொட்டிக் கொடுத்தேன். வண்டியில் கோளாறு அப்படியே இருந்தது. கூடவே, பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு விடும் என் ஒரிஜினல் சோலெக்ஸ் கம்பெனி கார்புரேட்டரும் போய்விட்டது. பெயரைப் போட்டால் வேறு தலைவலி வரும், போடவில்லை.

வண்டி 1986 மாடல் பிரீமியர் பத்மினி, அப்பா வாங்கியது. குன்னூரில் இன்றைக்கும் தினசரி ஓடுகிறது. ஓடும்போது குறையே சொல்ல முடியாது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால்தான் வினை. ஐடிலிங், அதாவது காலை எடுத்த பிறகு இன்ஜின் மெதுவாகத் தானே ஓடுவது, ஏறும், இறங்கும், குலுங்கும், பொசுக்கென்று அணைந்துவிடும். எங்கள் ஊர் பெட்ஃபோர்டில் நெரிசல் நேரத்தில் இப்படி நின்றால், பின்னால் வரும் பஸ் டிரைவர் நம் பரம்பரையையே விசாரிப்பார். இங்கே இப்போது கம்ப்யூட்டர் மாட்டிப் பார்க்கும் ஆட்கள்தான் அதிகம். அதனால்தான் கோவைக்கு இறக்கினேன்.

அங்கிருந்த மெக்கானிக்கை நம்பியதற்குக் காரணம் உண்டு. வந்ததும் பானெட்டைத் திறந்து, எதையும் தொடாமல், கையைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் சத்தத்தை மட்டும் கேட்டார். "அப்பா வண்டிங்களா சார்? நல்லா வெச்சிருந்திருக்காருங்க" என்றார். அவ்வளவுதான், நான் விழுந்துவிட்டேன். அப்புறம் ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி என் உள்ளங்கையிலேயே வைத்தார். கரி அப்பியிருந்தது. "பாருங்க, பெட்ரோல் ஓவரா போகுது. கார்புரேட்டர் தேஞ்சு போச்சுங்க. ஒரிஜினல் ரீகண்டிஷன் பீஸ் ஒண்ணு இருக்கு, மாட்டினா இன்னும் பத்து வருஷம் பேச்சே இல்லீங்க" என்றார். கூலியும் சேர்த்து 18,500. முழுப்பணமும் முன்கூட்டியே, போன் மூலம். ரசீது கேட்டதற்கு ஒரு துண்டுச்சீட்டில் எஸ்டிமேட் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

அந்தக் கரிக்கு வருகிறேன். குன்னூர் கிட்டத்தட்ட 1,850 மீட்டர் உயரம். கடல் மட்டத்தைவிடக் காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கார்புரேட்டருக்கு அது தெரியாது. சமவெளிக்குச் செட் செய்த ஜெட் (பெட்ரோல் வரும் சின்னத் துளை) இங்கேயும் ஏறக்குறைய அதே பெட்ரோலைத்தான் விடும், காற்றுதான் போதாது. ஆக, மலையில் ஓடும் கார்புரேட்டர் வண்டியின் பிளக் கொஞ்சம் கறுத்திருப்பது சாதாரணம். இதைச் சொல்லாமல், அதையே சாட்சியாகக் காட்டி என்னிடம் 18,500 வாங்கியிருக்கிறார் மனிதர்.

வண்டியை எடுக்கப் போனபோது ஐடிலிங் கணீரென்று நிலையாக இருந்தது. சந்தோஷமாகக் கிளம்பினேன். பர்லியார் தாண்டி வளைவுகளில் ஏறும்போதே குலுங்கத் தொடங்கிவிட்டது. அதைவிட மோசம் அடுத்த முறை மேட்டுப்பாளையம் இறங்கியபோது. இரண்டாவது கியரில் காலை எடுத்தால் இன்ஜின் வண்டியைப் பிடிக்க வேண்டும் அல்லவா? பிடிக்கவில்லை, தள்ளியது. நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக் உள்ள வண்டி அது. கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் டிரம் சூடேறி பிரேக் பிடிக்காமல் போகும் என்று மலைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

போன் போட்டேன். "ஓடி ஓடி செட் ஆயிருங்க சார்." மறுபடி போட்டேன். "மலை ஏறினா அப்படித்தானுங்க." அடுத்து, "இப்ப வர்ற பெட்ரோல்ல எத்தனால் கலக்கறாங்க, நாங்க என்னங்க பண்றது?" எத்தனால் பழைய ரப்பரையும் டயாஃப்ரம் என்னும் மெல்லிய சவ்வையும் கெடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் பத்து வருஷம் பேச்சே இல்லை என்று சொன்னபோது அந்த எத்தனால் எங்கே போயிருந்தது? பிறகு மேஸ்திரி லீவு, மேஸ்திரி ஊருக்குப் போயிருக்கிறார், முதலாளி மீட்டிங். வொர்க்‌ஷாப்பில் என்ன மீட்டிங்கோ. சரி, என் பழைய கார்புரேட்டரையாவது கொடுங்கள் என்றால், "அது ஸ்கிராப்ல போட்டாச்சுங்களே." அதற்குப் பின் போனே எடுப்பதில்லை.

கடைசியில் கோத்தகிரியில் பழைய ஜீப்புகளைப் பார்க்கும் ஒரு மெக்கானிக் அண்ணனிடம் காட்டினேன். முதலில் ஐடிலிங்கில் பெட்ரோல், காற்று அளவைச் சரிசெய்யும் மிக்சர் ஸ்க்ரூவைத் திருகினார். எந்தப் பக்கம் திருகினாலும் இன்ஜின் சத்தத்தில் மாற்றமே இல்லை. த்ராட்டிலை, அதாவது ஆக்சிலரேட்டரை மிதித்தால் திறக்கும் கதவை, தாங்கும் ஐடில் ஸ்க்ரூவை ஏகத்துக்கும் உள்ளே முறுக்கி வைத்திருந்தார்களாம். அதாவது, ஆக்சிலரேட்டரை நிரந்தரமாகக் கொஞ்சம் மிதித்து வைத்தது மாதிரி. ஐடிலிங் கணீரென்று நிலையாக இருந்ததும், இறக்கத்தில் வண்டி தள்ளியதும் அதனால்தான். அவர்கள் மாட்டிய பீஸின் த்ராட்டில் ஷாஃப்டை (அந்தக் கதவு சுழலும் தண்டை) ஆட்டிக் காட்டினார், கடகடவென்று ஆடியது. அந்த இடைவெளியிலும் காற்று இழுக்குமாம். பாலிஷ் போட்ட பழைய இரும்புக்கு 18,500!

அப்புறம் கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரேயை எடுத்து, கார்புரேட்டருக்கும், கலவையை இன்ஜினுக்குக் கொண்டுபோகும் மேனிஃபோல்டு குழாய்க்கும் நடுவே காற்று புகாமல் அடைக்கும் கேஸ்கட் ஓரமாக லேசாக அடித்தார். ஸ்பிரே இடுக்கு வழியே உள்ளே போக, சட்டென்று இன்ஜின் சத்தம் மாறியது. கழற்றிப் பார்த்தால் கேஸ்கட்டில் வெடிப்பு விட்டிருக்கிறது. கார்புரேட்டரை மாற்றியவர்கள் பழைய கேஸ்கட்டையே திரும்பப் போட்டிருக்கிறார்கள். எனக்கு முதலிலிருந்தே இருந்த கோளாறு இந்தக் காற்று லீக்தான். புது கேஸ்கட் நூறு ரூபாய்கூட ஆகவில்லை. ஆனால் ஷாஃப்ட் ஆடும் அந்தப் பீஸை வைத்துக்கொண்டு முழுசாக டியூன் செய்ய முடியாது என்று அண்ணன் சொல்லிவிட்டார்.

விரிவாக டிப்ஸ் எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது அதற்கெல்லாம் பொறுமை இல்லை. ஐடிலிங் கோளாறு என்றால் முதலில் பாயிண்ட், பிளக், டைமிங், டேப்பெட் பார்க்கச் சொல்லுங்கள். அடுத்து காற்று லீக், வேக்குவம் குழாய். பிறகு ஸ்லோ ஜெட் (ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடும் துளை) அடைப்பு. கார்புரேட்டரை மாற்றுவது கடைசி. ஸ்பிரே டெஸ்ட்டைத் தெரிந்தவரே செய்யட்டும், அது தீப்பிடிக்கும் சமாச்சாரம். டியூனிங்கை நீங்கள் ஓட்டும் உயரத்திலேயே செய்யுங்கள். கழற்றிய பாகத்தை அங்கேயே கையில் வாங்குங்கள். துண்டுச்சீட்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

என் சோலெக்ஸ் ஸ்கிராப்புக்குப் போயிருக்கும் என்று நான் நம்பவில்லை. பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் சேம்பர் மூடியின் உள்பக்கம் ஆணியால் "ரா" என்று கீறியிருக்கும், அப்பாவின் வேலை. பத்மினிக்கு ரீகண்டிஷன் பீஸ் என்று யாராவது விற்க வந்தால், மூடியைத் திறந்து பார்த்துவிட்டு எனக்கு ஒரு வார்த்தை எழுதுங்கள்.