ஜூபிடர்-3 லென்ஸும் ரெண்டு விரக்கடையும்

என்கிட்ட இருக்கறது பெஸ்ஸா ஆர், 2000ல கொசினா கம்பெனி வொய்க்ட்லாண்டர் பேர்ல விட்ட ரேஞ்ச்ஃபைண்டர், அதாவது வ்யூஃபைண்டர்ல தெரியற ரெண்டு பிம்பத்த ஒண்ணு சேத்து ஃபோகஸ் பண்ற ஃபிலிம் கேமரா. கூட இருந்தது எஃப் 2.5 லென்ஸ் (எஃப் நம்பர் சின்னதாக ஆக வெளிச்சம் ஜாஸ்தி உள்ள வரும்). பகல்ல பிரச்சனையே இல்ல, ஆனா மயிலாப்பூர் மாட வீதியில சாயங்காலம் ஆறரை தாண்டிச்சுன்னா 400 ஃபிலிம் போட்டும் ஷட்டர் 1/30, 1/15ன்னு இறங்கி பாதி ஃப்ரேம் ஆடிப்போய் வரும். லைக்கா கம்பெனியோட சும்மிலக்ஸ் லென்ஸ் புதுசு லட்சக்கணக்குல, அதெல்லாம் நமக்கு கனவுலதான். அப்பதான் ஜூபிடர்-3 கண்ணுல பட்டுச்சு, 50 எம்எம், எஃப் 1.5, சோவியத் சரக்கு, கஸ்டம்ஸோட சேத்து பதினாலாயிரத்து சொச்சம். சீரியல் நம்பர் 61ல ஆரம்பிக்குது, அதாவது 1961ல செஞ்சது, எங்கப்பாவுக்கு அண்ணன் வயசு.

வித்தவர் "கண்ணாடி சுத்தம்"னு எழுதியிருந்தார். வந்ததும் மொபைல் டார்ச் அடிச்சுப் பாத்தா உள்ள லேசா பனி படர்ந்த மாதிரி இருக்கு. சண்ட போட்டு கொஞ்சம் காசு திரும்ப வாங்கினேன், அந்தக் கதை வேணாம்.

லென்ஸ் சின்னது, அலுமினியம், கைல வெச்சா வெயிட்டே தெரியல. பெஸ்ஸா ஆர்ல பழைய லைக்கா திருகு மவுண்டுங்கறதால அடாப்டர் கூட வேணாம், நேரா திருகி மாட்டிக்கலாம். அப்பெர்ச்சர் (வெளிச்சம் வர்ற ஓட்டை) வளையத்துல கிளிக் கிடையாது, ஃபோகஸ் திருப்பும்போது அதுவும் சேந்து சுத்தும், முதல் ரோல் பூரா எந்த அப்பெர்ச்சர்ல எடுத்தேன்னு எனக்கே தெரியாது.

அந்த ரோல்ல பூக்கடை அக்காவை ஒரு மீட்டர்ல நின்னு எடுத்தேன், இந்த லென்ஸுக்கு அதவிட கிட்ட போக முடியாது. வ்யூஃபைண்டர்ல ரெண்டு பிம்பமும் கண்ணு மேல கரெக்டா ஒண்ணு சேந்துச்சு. பிரிண்ட்ல பாத்தா கண்ணு மொழுக்குன்னு இருக்கு, காதுல இருக்கற தோடு மட்டும் கத்தி மாதிரி ஷார்ப்!

கேமராதான் தப்புன்னு நெனச்சு மவுண்ட் ரோடு பக்கம் ஒரு பழைய மெக்கானிக்கிட்ட போனேன். அவர் பின்கதவத் தொறந்து ஃபிலிம் ஓடற தண்டவாளத்துல செலோ டேப் ஒட்டி, ஷட்டர் மூடாம நிக்கற பி செட்டிங்ல தொறந்து வெச்சு, டேப்ல விழுந்த பிம்பத்த லூப்ல (சின்ன பூதக்கண்ணாடி) பாத்துட்டு சிரிச்சார். "தம்பி, கேமராவும் நல்லாருக்கு லென்ஸும் நல்லாருக்கு, ரெண்டுக்கும் பாஷைதான் வேற"ன்னார். விஷயம் என்னன்னா இந்த லென்ஸோட மூலம், பெர்டெலெங்கற டிசைனர் 1932ல ஜெய்ஸ் கம்பெனியோட காண்டாக்ஸ் கேமராவுக்காக டிசைன் பண்ண சொனார் லென்ஸ். போர் முடிஞ்சு ஜெர்மன்காரன் கண்ணாடியும் மெஷினும் சோவியத் போனப்ப காண்டாக்ஸ் கணக்கும் கூடவே போயிடுச்சு. அந்தக் கணக்குல 50 எம்எம்ங்கறது நெஜத்துல 52.4, லைக்கா கணக்குல 51.6. தூரத்துல ஒண்ணும் தெரியாது, ஒரு மீட்டர்ல ஃபோகஸ் கிட்டத்தட்ட மூணு சென்டிமீட்டர் பின்னாடி போயிடும். எஃப் 1.5ல அந்த தூரத்துக்கு ஷார்ப்பா விழற மொத்த ஆழமே மூணு சென்டிமீட்டர் சொச்சம்தான், அப்புறம் கண்ணு எப்படி நிக்கும். அப்பெர்ச்சர எஃப் 2.8க்கு மூடினா சரியாகுமான்னா, சொனார்ல ஃபோகஸ் இன்னும் பின்னாடிதான் நகரும்.

உள்ள மெல்லிசா ஷிம்னு ஒரு தகடு வெச்சு சரி பண்ணலாம்னார், ஆனா தூரத்து ஃபோகஸ் கொஞ்சம் கெடும். நான் வேணாம்னுட்டேன். இப்ப கண்ணுல ஃபோகஸ் வெச்சுட்டு உடம்ப ரெண்டு விரக்கடை பின்னாடி சாய்ச்சு அமுக்கறேன். பாக்கறவங்களுக்கு ஏதோ சாமி வந்த மாதிரி இருக்கும். "என்ன தம்பி, ஆடிக்கிட்டே எடுக்குற"ன்னு அந்த அக்காவே கேட்டாங்க. பத்துக்கு ஆறு ஏழு தேறுது.

ஆனா தேறுற அந்த ஆறு இருக்கே! பல்பு வெளிச்சத்துல மல்லிப்பூ பந்தச் சுத்தி மெல்லிசா ஒரு வெண்புகை, நடுவுல அக்கா விரல்ல சுத்தின நார் இழை இழையா தெரியுது, பின்னாடி ஸ்கூட்டர் லைட்டெல்லாம் உருண்டையா கரைஞ்சு நிக்குது. ஓரம் சொதப்பல்தான், கான்ட்ராஸ்ட் கம்மி, பல்பு நேரா ஃப்ரேமுக்குள்ள வந்தா வெளுத்துடும். எனக்கு அது புடிச்சிருக்கு, உங்களுக்கு மூலைக்கு மூலை ஷார்ப்பா வேணும்னா இந்தப் பக்கமே வராதீங்க.

பகல்ல எஃப் 1.5 கனவு காணாதீங்க. மெரினா மத்தியான வெயில்ல 400 ஃபிலிமுக்கு 1/2000 வெச்சாலும் எஃப் 8 பக்கம் போயே ஆகணும், அதுக்கு மேல ஷட்டர் பெஸ்ஸால கிடையாது. துணி ஷட்டர் இருக்கற பழைய லைக்காவுல மாட்றவங்க மூடிய மறக்காதீங்க, ரேஞ்ச்ஃபைண்டர்ல குறுக்க மிரர் இல்ல, வெயில் நேரா துணில விழுந்து ஓட்ட போட்டுடும்.

இன்னொண்ணு, நம்ம ஊர் ஐப்பசி கார்த்திகை ஈரத்துக்கு பழைய லென்ஸ்ல பூஞ்சை சீக்கிரம் புடிக்கும். லெதர் பைல வெக்கவே வெக்காதீங்க. நான் சிலிக்கா ஜெல் போட்டு ஒரு டைட்டான எவர்சில்வர் டப்பாவுல வெச்சிருக்கேன். அது அம்மாவோட முறுக்கு டப்பா, தீபாவளிக்குக் கேட்டாங்க, இன்னும் குடுக்கல.