ஒரே விரல், இரண்டு பூட்டு

காலையில் போனைத் திறக்க விரலை வைக்கிறோம். மாதத்தில் ஒரு நாள் ரேஷன் கடை மெஷினில் அதே விரலை வைக்கிறோம். இரண்டுக்கும் பெயர் பயோமெட்ரிக்தான். ஆனால் விரலை எடுத்த பிறகு நடப்பது வேறு வேறு. நான் பார்த்தவரை, கைரேகை நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்பதைவிட, அது எங்கே போய்த் தங்குகிறது என்று கேட்பதுதான் முக்கியம்.

போனில் ரேகையின் படம் சேமிக்கப்படுவதில்லை. அதிலிருந்து எடுத்த கணிதக் குறிப்பு மட்டும் தனிப் பாதுகாப்புப் பகுதியில் இருக்கிறது. வங்கி ஆப் கேட்டால்கூட ‘சரி’ அல்லது ‘இல்லை’ என்ற பதில்தான் போகும். யாரோ ஒருவரின் விரல் தற்செயலாக உங்கள் போனைத் திறக்க 50,000-ல் ஒரு வாய்ப்பு என்கிறது ஆப்பிள். முகம் என்றால் 10 லட்சத்தில் ஒன்று. நான்கு இலக்கப் பின் நம்பரில் இருப்பதே 10,000 சேர்க்கைகள்தான், அதையும் பஸ்ஸில் பக்கத்தில் நிற்பவர் பார்த்துவிடலாம்.

ரேகைப் பூட்டை உடைக்கவே முடியாது என்பதில்லை. 2013-ல் ஐபோன் 5எஸ் வெளிவந்த சில நாட்களிலேயே, கண்ணாடியில் பதிந்த ரேகையைப் படமெடுத்துப் போலி விரல் செய்து அதைத் திறந்து காட்டியது ஜெர்மனியின் ஹேக்கர் அமைப்பான கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப். ஆனாலும் திருடனுக்கு ரேகையோடு உங்கள் போனும் கையில் இருக்க வேண்டும். போனால் ஒரு போன்தான்.

ஆதாரில் பத்து விரல், இரண்டு கருவிழி, முகம் எல்லாம் மையத் தரவுக் கிடங்கில் இருக்கின்றன. இதன் பலமும் அங்கேதான். புதிதாகப் பதிபவரை ஏற்கெனவே இருக்கும் எல்லோரோடும் ஒப்பிடுவதால், ஒரே ஆள் இரண்டு எண் வாங்குவது கடினம். உங்கள் பங்கு அரிசியை வேறொருவர் உங்கள் பெயரில் தூக்கிப் போவதும் கடினம். இதைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை.

ஆனால் முப்பது வருடம் சித்தாள் வேலை பார்த்த என் அத்தைக்கு ரேகையே தேய்ந்துவிட்டது. சிமென்ட் தின்ற விரல். கடையில் துடைத்துத் துடைத்து வைத்தும் பதியாமல் திரும்பி வந்திருக்கிறார். இப்போது கருவிழி பார்க்கும் கருவி வந்திருப்பது பெரிய ஆறுதல். வேலையில் தேயாதது கண். அதற்கு நாமே குனிந்து பார்க்கவும் வேண்டும். முகம் அப்படியில்லை, தெருக் கேமரா கேட்காமலே எடுத்துவிடும். அதனால் மூன்றில் நான் அதிகம் பயப்படுவது முகத்துக்குத்தான்.

பணம் என்று வரும்போது ஆதார் ரேகை இன்னும் உறுத்துகிறது. கிராமங்களில் கைமெஷினோடு வரும் வங்கி முகவரிடம் ஆதார் எண்ணையும் வங்கிப் பெயரையும் சொல்லி விரலை வைத்தால் பணம் எடுக்கலாம். ஓடிபி கிடையாது. வங்கிக்கு பஸ் ஏற முடியாத முதியவருக்கு இது வரம். ஆனால் ரேகை ரகசியமான பொருளா? பத்திரப் பதிவில் பதிகிறோம், தொட்ட டம்ளரில் விடுகிறோம். 2018-ல் தெலங்கானாவில், இணையத்தில் இருந்த பத்திரங்களிலிருந்து ரேகைகளை எடுத்துப் போலி அச்சு செய்து, பிறர் பெயரில் சிம் கார்டுகளை இயக்கியது பிடிபட்டது. அதே உத்தியில் வங்கிக் கணக்குகளும் காலியாகின. இப்போது ஆதார் ஆணையம் உயிருள்ள விரலா என்று சோதிக்கிறது, நல்லதுதான்.

ஓடிபியையும் ஏமாற்றிக் கறக்கிறார்கள், உண்மை. ஆனால் ஏமாந்த பிறகாவது பின் நம்பரை மாற்றலாம், சிம்மை முடக்கலாம். 2015-ல் அமெரிக்க அரசின் பணியாளர் அலுவலகத்திலிருந்து 56 லட்சம் பேரின் கைரேகைகள் திருடுபோயின. அந்த 56 லட்சம் பேர் எதை மாற்றுவார்கள்?

சட்டமும் ஓரளவுதான் காக்கிறது. தனியார் நிறுவனங்கள் ஒப்பந்தத்தின் பேரில் ஆதார் சரிபார்ப்பு கேட்க இடம் தந்த பகுதியை 2018-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 2019 திருத்தம், ‘விருப்பத்தின் பேரில்’ என்று வங்கிகளுக்கும் செல்போன் நிறுவனங்களுக்கும் மறுபடி வழிவிட்டது. கவுன்ட்டரில் நிற்பவருக்கு எது விருப்பம், எது கட்டாயம் என்று எப்படித் தெரியும்?

ஆகவே என் தேர்வு இது: போனுக்கு விரல், பணத்துக்குப் பின் நம்பர், ஆதார் ரேகைக்குப் பூட்டு. எம்ஆதார் ஆப்பிலோ ஆணையத்தின் தளத்திலோ பயோமெட்ரிக்கைப் பூட்டிவைத்து, தேவைப்படும் நேரத்தில் மட்டும் திறக்கலாம்.

எனக்கு இது இரண்டு நிமிட வேலை. அத்தைக்கு இருப்பது பட்டன் போன். அவர் ரேகையையும் பூட்டித்தான் வைத்திருக்கிறேன். ரேஷன் வாங்கும் நாளில் ஓடிபியை அவர் எழுத்துக் கூட்டிப் படித்துச் சொல்ல, நான் இங்கிருந்து திறந்துவிடுகிறேன். போன மாதம் இரண்டு தடவை ஓடிபி காலாவதியாகி, மூன்றாவது தடவைதான் திறந்தது. அதுவரை வரிசையை விட்டு விலகி நின்றிருந்தார்.