லசோட்டா சொட்டு மருந்து: வீட்டுக் கோழிக்கு எவ்வளவு பயன்?

கோழிக்கழிச்சல் வந்துவிட்டால் மருந்து கிடையாது. பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்து முறுக்கிக்கொண்டு கோழிகள் வரிசையாகச் சாகும். அதற்கு முன்பே போடவேண்டிய தடுப்பு மருந்துதான் லசோட்டா. விலை, பலன் இரண்டிலும் நல்ல மருந்து. குளிர்ச்சி விட்டுப்போனால் மட்டும் வெறும் தண்ணீர்தான்.

கடையில் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துத் தந்தால் மட்டும் வாங்குங்கள். ஐஸ் போட்ட பிளாஸ்கில் கொண்டுவந்து, 2 முதல் 8 டிகிரிக்குள் வையுங்கள். கூட வரும் கரைசலையும் குளிரவைத்து, மருந்தோடு கலக்கி, குஞ்சுக்கு 5 முதல் 7 நாளுக்குள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு விடவேண்டும். சொட்டு உள்ளே இறங்கும்வரை குஞ்சைக் கையிலேயே வைத்திருங்கள். உடனே விட்டால் தலையை உதறிவிடும். கலக்கியதை இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். நான்காவது வாரம் மறுபடியும் லசோட்டா.

சின்னப் பண்ணைக்குப் பெரிய குறை, குப்பியின் அளவு. பத்துக் குஞ்சுக்கும் 100 டோஸ் குப்பியைத்தான் உடைக்கவேண்டும். அக்கம்பக்கத்தாரோடு ஒரே நாளில் போட்டால் வீணாகாது, தெருவுக்கே பாதுகாப்பும் கூட.

எட்டு வாரத்தில், இதே நோய்க்கான ஆர்2பி தடுப்பூசி, இறக்கையில் அரை மில்லி. அதைச் சின்னக் குஞ்சுக்குப் போடக்கூடாது, வீரியம் அதிகம். தமிழ்நாட்டில் கால்நடைத்துறை பிப்ரவரி முகாம்களில் இலவசமாகவே போடுகிறது.

ஏற்கெனவே சுணங்கிய கோழிக்கு லசோட்டா உதவாது. அதைத் தனியே கட்டுங்கள். செத்ததை ஆழக் குழிதோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள்.