அமாக்சிசிலின் சிரப்பும் அதன் மாற்றுகளும்: சென்னை வீடுகளுக்கு எது பொருந்தும்?

அமாக்சிசிலின் போன்ற பென்சிலின் குடும்பத்து ஆன்டிபயாடிக்குகளைக் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் சிரப்பாகவே கொடுக்கிறோம். ஆனால் மருந்துக் கடையில் வாங்கும்போது அந்தப் புட்டிக்குள் இருப்பது வெறும் பொடிதான். கிருமியைக் கொல்லும் ஆற்றலை இந்த மருந்துகளுக்குத் தருகிற பீட்டா-லாக்டம் வளையம், தண்ணீர் பட்டதிலிருந்து சிறிது சிறிதாக உடையத் தொடங்கிவிடும். வெப்பம் கூடினால் அந்த உடைவும் விரைவுபடும். அதனால்தான் தண்ணீர் கலக்கும் வேலை கடைசி நேரம்வரை ஒத்திவைக்கப்பட்டு, வீட்டாரின் கைக்கு வந்து சேர்கிறது. எந்த மருந்து என்பதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர். அதை எந்த வடிவில் வாங்குவது, எதனால் அளப்பது, எங்கே வைப்பது ஆகியவற்றில் வீட்டாருக்கும் பங்கு உண்டு. சென்னையின் வெயிலையும் மின்வெட்டையும் கணக்கில் கொண்டு அவற்றை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்ப்பதே இங்கு நோக்கம்.

அமாக்சிசிலின் மட்டுமா, கிளாவுலனேட் சேர்ந்ததா?

நம் கடைகளில் அதிகம் விற்பவை இரண்டு: அமாக்சிசிலின் மட்டும் உள்ள ட்ரை சிரப் ஒன்று, அதனுடன் கிளாவுலனிக் அமிலம் (கிளாவுலனேட்) சேர்ந்தது மற்றொன்று. சில பாக்டீரியாக்கள் பீட்டா-லாக்டமேஸ் என்ற நொதியைச் சுரந்து, பென்சிலினின் வளையத்தை உடைத்துவிடுகின்றன. கிளாவுலனிக் அமிலம் அந்த நொதியை முடக்கி, அமாக்சிசிலினைக் காப்பாற்றுகிறது. இதைக் கேட்டவுடன், இரண்டு மருந்து சேர்ந்ததுதான் வலிமையானது, ஆகவே அதுதான் சிறந்தது என்று பெற்றோர் பலர் எண்ணிவிடுகிறார்கள். அந்த எண்ணம் சரியன்று. தொண்டை அழற்சிக்குக் காரணமான 'ஏ' வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அந்த நொதியைச் சுரப்பதே இல்லை. அங்கே கிளாவுலனேட் சேர்ப்பதால் கிருமிக்கு எதிராகக் கூடுதல் பயன் ஏதும் கிடைக்காது, வயிற்றுப்போக்குதான் கூடும். குழந்தைகளின் நிமோனியாவுக்கும் வாய்வழி மருந்தாக உலகச் சுகாதார நிறுவனம் முதலில் பரிந்துரைப்பது அமாக்சிசிலினையே. மறுபுறம், தெருநாய் கடித்த காயத்தில் தொற்றைத் தடுக்க ஆன்டிபயாடிக் தேவை என்று மருத்துவர் கருதினால், பெரும்பாலும் கிளாவுலனேட் சேர்ந்ததையே எழுதுவார், ஏனெனில் நாயின் வாயில் உள்ள கிருமிகளில் அந்த நொதியைச் சுரப்பவையும் உண்டு. காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கால்மணி நேரம் கழுவுவதற்கோ ரேபிஸ் தடுப்பூசிக்கோ இந்த சிரப் எவ்வகையிலும் ஈடாகாது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். சாதாரணச் சளிக்கும் வைரஸ் காய்ச்சலுக்கும் இவற்றில் எதுவும் வேலை செய்யாது.

உணவோடு கொடுக்கும் முறையிலும் இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. அமாக்சிசிலினைச் சாப்பாட்டுக்கு முன்பும் தரலாம், பின்பும் தரலாம். கிளாவுலனேட் சேர்ந்ததைச் சாப்பிடத் தொடங்கும்போதே தருவது நல்லது. காலை இட்லியின் முதல் வாயோடு கொடுத்தால் வயிற்றுத் தொந்தரவு குறையும், கிளாவுலனேட்டும் நன்றாக உறிஞ்சப்படும். பென்சிலின் வி என்ற பழைய மருந்து இதற்கு நேர் எதிரானது: உணவுக்கு ஒரு மணி நேரம் முன்போ இரண்டு மணி நேரம் பின்போ, வெறும் வயிற்றில் தர வேண்டும். பிரிட்டனில் தொண்டை அழற்சிக்கு அதைத்தான் இன்றும் முதலில் எழுதுகிறார்கள் என்பதால், அங்கிருந்து விடுமுறைக்கு வரும் பேரக் குழந்தையின் பையில் அந்தப் புட்டி இருக்கக்கூடும். நம் வீட்டு அமாக்சிசிலின் பழக்கத்தை அதற்குப் பொருத்திவிடக் கூடாது.

சிரப், சொட்டு மருந்து, கரையும் மாத்திரை

ஒரே பெயரில், ஒரே நிறப் பெட்டியில், வெவ்வேறு செறிவில் மருந்து வருவதுதான் இந்தத் துறையில் மிகப் பெரிய ஆபத்து என்பது என் கருத்து. அமாக்சிசிலின் சிரப் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம் என்றும் 250 மில்லிகிராம் என்றும் இரு வகையில் கிடைக்கிறது. கிளாவுலனேட் சேர்ந்ததில் 5 மில்லிக்கு 228.5 மில்லிகிராமும் 457 மில்லிகிராமும் பரவலாகப் புழங்குகின்றன. 228.5-இல் 5 மில்லி என்பது 457-இல் இரண்டரை மில்லிக்குச் சமம். மருத்துவர் எழுதிய செறிவு இல்லை என்று கடையில் மற்றதைக் கொடுத்து, சீட்டில் உள்ள "5 மில்லி" மட்டும் மாறாமல் இருந்துவிட்டால், குழந்தைக்கு இரு மடங்கோ பாதியோ போய்ச் சேரும். சொட்டு மருந்தில் இந்த இடைவெளி இன்னும் பெரிது. கைக்குழந்தைகளுக்கான அமாக்சிசிலின் சொட்டு மருந்தில் வழக்கமாக ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கும். 125 செறிவுள்ள சிரப்பில் ஒரு மில்லிக்கு 25 மில்லிகிராம்தான். மூத்த பிள்ளைக்குச் சிரப்பும் தம்பிக்குச் சொட்டு மருந்தும் ஒரே வாரத்தில் நடக்கும் வீட்டில், இரண்டு புட்டிகளையும் ஒரே தட்டில் வைக்காமல் இருப்பதே பாதுகாப்பு. ஆகவே சீட்டில் எத்தனை மில்லி என்பதோடு செறிவும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் மருத்துவரின் அறையை விட்டு வெளியே வருமுன் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது வடிவமான கரையும் மாத்திரையை நம் பெற்றோர் போதிய அளவு கவனிப்பதில்லை. ஒரு கரண்டி சுத்தமான தண்ணீரில் போட்டால் சிறிது நேரத்தில் அது கரைந்துவிடும், அப்படியே புகட்டிவிடலாம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் நிமோனியாவுக்கு உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் முன்வைப்பது 250 மில்லிகிராம் அமாக்சிசிலின் கரையும் மாத்திரையைத்தான். அதற்குக் காரணங்கள் தெளிவானவை: கலக்கும்போது தண்ணீர் அளவு தவறாது, புட்டியைக் குளிரில் வைக்க வேண்டியதில்லை, ஒவ்வொரு வேளைக்கும் மருந்து புதிதாக இருக்கிறது. இதன் குறை, எடைக்கேற்ப 3.5 மில்லி என்பது போல நுணுக்கமாக அளந்து கொடுக்க இயலாது என்பதே. அமாக்சிசிலின் மாத்திரையைக் கோடு போட்ட இடத்தில் உடைத்து அரை மாத்திரை தரலாம். அதற்கு மேல் பிரிக்க முயலக் கூடாது. கிளாவுலனேட் சேர்ந்த கரையும் மாத்திரையும் கிடைக்கிறது. அது ஈரப்பதத்தை எளிதில் இழுத்துக் கெட்டுவிடும் என்பதால், கடற்கரை நகரமான இங்கே, கொடுக்கும் நேரம் வரை அலுமினியப் பட்டையிலிருந்து பிரிக்காமல் வைத்திருக்க வேண்டும்.

வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இருந்து, குழந்தையின் எடைக்கு நுணுக்கமான அளவு தேவைப்பட்டால் சிரப்பே ஏற்றது. பெட்டி இல்லாத வீட்டுக்கும், ரயிலில் ஊருக்குப் புறப்படும் குடும்பத்துக்கும் கரையும் மாத்திரையே மேல் என்று தயக்கமின்றிச் சொல்வேன். "எங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லை, டாக்டர்" என்று சொல்வதற்குக் கூச்சப்பட எதுவுமில்லை. எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையானாலும் தெருமுனை கிளினிக் ஆனாலும், மருத்துவருக்கு அது பயனுள்ள தகவல்.

எதனால் அளப்பது?

சமையலறைக் கரண்டி இந்தப் போட்டியில் சேரவே தகுதியற்றது. ஒரு வீட்டு டீஸ்பூன் 3 மில்லி கொள்ளும், அடுத்த வீட்டு டீஸ்பூன் 6 மில்லி கொள்ளும். புட்டியோடு வரும் பிளாஸ்டிக் மூடிக் குவளை அதைவிட மேலானது என்றாலும், 3.5 மில்லி போன்ற இடைப்பட்ட அளவை அதில் காண முடியாது. குவளையைக் கையில் தூக்கிப் பிடித்துப் பார்த்தால் கோடு ஓர் அளவாகவும், மேசையில் வைத்துக் கண்ணை அதன் மட்டத்துக்குக் கொண்டுவந்து பார்த்தால் வேறோர் அளவாகவும் தெரியும். சிறிய அளவுகளைச் சரியாக அளக்க ஊசி இல்லாத சிரிஞ்சுக்கு நிகர் வேறில்லை. வாய்வழி மருந்துக்கென்றே உள்ள சிரிஞ்ச் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் எந்த மெடிக்கலிலும் உள்ள 5 மில்லி சிரிஞ்சை வாங்கி, ஊசியையும் அதன் சிறு மூடியையும் முதலிலேயே அப்புறப்படுத்திவிட வேண்டும், ஏனெனில் அந்த மூடி குழந்தையின் தொண்டையில் சிக்கக்கூடியது. கன்னத்தின் உட்புறமாக வைத்து, சிறிது சிறிதாக, விழுங்க இடம் கொடுத்துச் செலுத்த வேண்டும். தொண்டையை நோக்கி வேகமாகப் பீய்ச்சினால் புரையேறிவிடும்.

கைக்குழந்தைக்குப் பாலாடையில் புகட்டுவது நம் பாட்டிமார்கள் விட்டுச்சென்ற அருமையான பழக்கம். அதை விட வேண்டியதில்லை. பாலாடை புகட்டும் கருவியாக இருக்கலாம், அளக்கும் கருவியாக இருக்க முடியாது. சிரிஞ்சில் அளந்த மருந்தைப் பாலாடையில் விட்டுப் புகட்டிய பிறகு, ஒட்டியிருப்பதைச் சிறிது தாய்ப்பாலாலோ, ஆறு மாதம் கடந்த குழந்தையானால் ஆறிய தண்ணீராலோ கழுவி அதையும் புகட்டினால் அளவு முழுமையாகும். முழு பால் புட்டியில் மருந்தைக் கலப்பது மட்டும் வேண்டாம். குழந்தை பாதியில் நிறுத்திவிட்டால் எவ்வளவு மருந்து உள்ளே போனது என்று யாராலும் சொல்ல இயலாது.

கலப்பதும் வைப்பதும்

பல தயாரிப்புகளின் பெட்டிக்குள்ளேயே கிருமி நீக்கிய தண்ணீர் சிறு குப்பியில் வருகிறது. அது இருந்தால் அதையே பயன்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் கொதிக்க வைத்து முழுவதும் ஆறிய தண்ணீர். மெட்ரோ தண்ணீரானாலும் கேன் தண்ணீரானாலும் கொதிக்க வைப்பதைத் தவிர்க்க வேண்டாம், வெதுவெதுப்பான நிலையிலும் ஊற்ற வேண்டாம். முதலில் புட்டியைத் தட்டி அடியில் இறுகிய பொடியைத் தளர்த்தி, தேவையான தண்ணீரில் ஏறக்குறையப் பாதியை ஊற்றி நன்றாகக் குலுக்கி, நுரை அடங்கும்வரை காத்திருந்து, அதன் பின்னரே குறியிட்ட கோடு வரை மீதித் தண்ணீரை ஊற்றி மறுபடியும் குலுக்க வேண்டும். நுரையைத் திரவ மட்டமாக எண்ணி நிறுத்திவிட்டால் மருந்து செறிவு கூடிவிடும். கோட்டைத் தாண்டி ஊற்றிவிட்டால் ஒவ்வொரு வேளையும் நீர்த்துப்போன மருந்தே கிடைக்கும். இதில் நம்பிக்கை இல்லாதவர்கள், கடையில் உள்ள மருந்தாளுநரையே கலந்து தரச் சொல்வது நல்ல வழி. ஆனால் மதியம் கலந்து வாங்கிய புட்டியை மாலைவரை வண்டியின் சீட்டுக்கு அடியில் விட்டுவைத்தால் அந்த நன்மை போய்விடும். வீடு தொலைவில் இருந்தால் வீட்டில் கலப்பதே மேல். ஒவ்வொரு வேளையும் கொடுக்கும் முன் குலுக்க வேண்டும். இல்லையென்றால் முதல் நாட்களில் தண்ணீரும் கடைசி நாட்களில் அடி வண்டலும் போகும்.

கலந்த நாளைப் புட்டியின் மேல் பேனாவால் எழுதிவிட வேண்டும். கிளாவுலனேட் சேர்ந்த சிரப்பை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் வைத்து, நம் நாட்டுத் தயாரிப்புகளில் பெரும்பாலும் 7 நாட்களுக்குள் முடித்தாக வேண்டும். உறைநிலைப் பெட்டி கூடாது. கதவுத் தட்டு அடிக்கடி சூடாகும் என்பதால் உள்தட்டே ஏற்றது. அமாக்சிசிலின் மட்டும் உள்ள சிரப் சற்றுத் தாங்கும் என்றாலும், 40 டிகிரியைத் தொடும் அக்னி நட்சத்திர வெயிலில் அதையும் குளிரில் வைப்பதே அறிவுடைமை. மண்பானைத் தண்ணீரில் புட்டியை இறக்கி வைக்கும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. அது அறை வெப்பத்தைவிடச் சில டிகிரி குறைக்கும், அவ்வளவே. சென்னையின் ஈரக் காற்றில் அது 8 டிகிரிக்கு இறங்காது. 2016 டிசம்பரில் வர்தா புயலின்போதும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் நகரின் பல பகுதிகளில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. திறக்காமல் மூடிய குளிர்சாதனப் பெட்டி ஏறத்தாழ நான்கு மணி நேரம் குளிரைத் தாங்கும். அதற்கு மேல் மின்சாரம் வராவிட்டால், அந்தப் புட்டியைத் தொடர்ந்து பயன்படுத்தாமல் மருந்தாளுநரைக் கேட்டுப் புதியது வாங்குவதோ, மருத்துவரிடம் பேசிக் கரையும் மாத்திரைக்கு மாறுவதோ நல்லது.

ஒரு கணக்கையும் முன்கூட்டியே போட்டுவிட வேண்டும். 30 மில்லி புட்டி, வேளைக்கு 5 மில்லி, நாளைக்கு இரு வேளை என்றால் மூன்றே நாட்களில் தீர்ந்துவிடும். ஐந்து நாள் மருந்துக்கு இரண்டு புட்டிகள் தேவை. இரண்டாவதை நான்காம் நாள்தான் கலக்க வேண்டும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொண்டை அழற்சிக்குப் பத்து நாட்கள் எழுதுவது, பின்னாளில் இதய வால்வுகளைக் கெடுக்கும் ருமாட்டிக் காய்ச்சலைத் தடுப்பதற்காகத்தான். மூன்றாம் நாளே தொண்டை வலி போய்விட்டது என்பதற்காக அதை நிறுத்தக் கூடாது. எத்தனை நாள் எழுதியிருந்தாலும் அத்தனை நாளும் கொடுத்து, மீந்ததை அடுத்த காய்ச்சலுக்கோ அண்ணனுக்கோ எடுத்துவைக்காமல் அப்புறப்படுத்த வேண்டும்.

ஒரு வேளை தவறிவிட்டால் நினைவு வந்ததும் கொடுக்கலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடலாம், இரண்டு வேளையைச் சேர்த்துக் கொடுக்கக் கூடாது. கொடுத்த அரை மணி நேரத்துக்குள் குழந்தை வாந்தி எடுத்தால் அதே அளவை மறுபடியும் தரலாம். அதற்குப் பிறகு என்றால் அடுத்த வேளைக்குக் காத்திருக்க வேண்டும்.

இங்கே ஒப்பிட்ட மருந்துகள் அனைத்தும் ஒரே குடும்பம் என்பதால், ஒன்றுக்கு ஒவ்வாமை வந்த குழந்தைக்கு மற்றதை மாற்றாகத் தர முடியாது. இரண்டு மூன்று முறை இளகிய மலம் போவது ஒவ்வாமை அன்று. தடிப்பு எதுவாக இருந்தாலும் அடுத்த வேளையைக் கொடுக்குமுன் மருத்துவரிடம் காட்ட வேண்டும். மருந்து கொடுத்த சிறிது நேரத்தில் உடலெங்கும் அரிப்போடு தடிப்பு எழும்பி, உதடோ முகமோ வீங்கினாலோ, மூச்சு இழுத்தாலோ குழந்தை துவண்டாலோ, மருத்துவரின் அழைப்புக்குக் காத்திராமல் உடனே 108-ஐ அழைக்க வேண்டும். புட்டியையும் பெட்டியையும் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும்.